சவாரியின் பாயிரம்



கேளிக்கைப் பூங்காவில் சவாரிக்கு ஏறுமுன் ஜனங்கள் நிற்கிற வரிசையைப் பற்றியும், அவ்வரிசையின் கோடியில் அவர்களை ஓர் அறைக்குள் நிறுத்திக் காட்டுகிற முன்காட்சியைப் பற்றியும் பேசப்போகிறேன் என்று நான் தெரிவித்தபோது, இச்சபையின் நிர்வாகிகள் முகத்தில் சற்றே தயக்கம் தெரிந்தது. அந்தத் தயக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும், ஒரு நாள் முழுவதையும் அத்தகைய பூங்காவில் கழித்துவிட்டு, மாலையில் கால் கனக்க வெளியே வருகிற ஒரு குடும்பம் அன்றைய பொழுதைக் கணக்கிட்டுப் பார்க்குமானால், ஒவ்வொரு சவாரியிலும் உட்கார்ந்திருந்த நேரம் மூன்று நிமிஷமோ ஐந்து நிமிஷமோதான் என்பதும், நின்றிருந்த நேரம் மணிக்கணக்கில் ஓடியது என்பதும் புலப்படும். பணம் கொடுத்து வாங்கிய பொழுதில் பெரும்பகுதி எங்கே செலவாகிறதோ அந்த இடத்தைப் பற்றிச் சிந்திப்பது வீண்வேலை ஆகாது என்பதே என் எண்ணம்.

அமெரிக்க தேசத்தில் கலிபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் உள்ள பெரிய பூங்காக்களில் இன்று வெறும் இரும்புக் கம்பிகளுக்கு இடையே ஜனங்களை நிறுத்துவது அருகிவிட்டது. வரிசையே ஒரு பாழடைந்த கோயிலாகவும், தூசு படிந்த ஹோட்டலாகவும், மந்திரவாதிகளின் கோட்டையாகவும் கட்டப்படுகிறது. அதைக் கடந்தால் ஓர் அறை, அங்கே ஒரு திரையோ, பேசும் பொம்மையோ, வேஷமிட்ட ஊழியரோ வரப்போகிற கதையைச் சொல்லுகிறார், பிறகுதான் வண்டி. இந்த ஏற்பாடெல்லாம் சவாரியை உண்மையாகவே மேம்படுத்துகிறதா, அல்லது காத்திருக்கும் கசப்பின்மீது பூசிய சர்க்கரைதானா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடப் புறப்பட்டால் ஒரு கோழிக்கறிச் சாப்பாட்டில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் புவேனா பார்க் என்ற ஊரில் வால்டர் நாட் என்பவர் பாய்சன்பெரி என்னும் பழத்தைப் பயிரிட்டுச் சாலையோரத்தில் விற்றுவந்தார். 1934ஆம் ஆண்டில், பணமுடை மிகுந்த அந்தக் காலத்தில், அவருடைய மனைவி கோர்டெலியா அம்மையார் தம் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளிலேயே, தலைக்கு 65 சென்ட் விலையில், எட்டுப் பேருக்குப் பொரித்த கோழியுடன் சாப்பாடு போட்டார். கைமணம் ஊரெங்கும் பரவியது. சில வருஷங்களில் அந்த வாசலில் ஜனங்கள் மணிக்கணக்கில் காத்து நிற்கத் தொடங்கினார்கள். பசியோடு வந்தவர்களை வெயிலில் சும்மா நிறுத்திவைக்க மனம் வராத வால்டர், முதலில் சிறுசிறு வேடிக்கைகளை அமைத்துப் பார்த்தார். 1940இல் தொடங்கி, தம் முன்னோர் கூண்டு வண்டியில் பாலைவனம் கடந்து வந்த கதையை நினைவில் வைத்து, ஆளொழிந்த பழைய சுரங்க ஊர் ஒன்றையே அங்கே எழுப்பலானார். சாப்பாட்டுக்கு நின்றவர்கள் அந்த ஊரில் உலாவினார்கள்; நாளடைவில் சாப்பாட்டுக்காக அல்லாமல் ஊரைப் பார்க்கவே வந்தார்கள். இன்று நாட்ஸ் பெரி ஃபார்ம் என்று பெயர் பெற்று விளங்கும் பெரிய கேளிக்கைப் பூங்கா இப்படித்தான் பிறந்தது. மற்றப் பூங்காக்களில் சவாரிக்காக வரிசை உண்டாயிற்று. இங்கே வரிசைக்காகப் பூங்கா உண்டாயிற்று.

அதே இடத்தில் 1960ஆம் ஆண்டு பட் ஹர்ல்பட் என்ற சிற்பி-மெக்கானிக் ஒருவர், சிற்பி என்றும் மெக்கானிக் என்றும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குப் பொருந்தும், காலிகோ சுரங்க ரயில் என்ற சவாரியை அமைத்தார். அதில் அவர் செய்த ஒரு காரியம் பிற்காலத்தார் அனைவருக்கும் பாடமாயிற்று. வரிசை முழுவதையும் ஒரே பார்வையில் தெரியும்படி விடாமல், பாறைகளுக்குப் பின்னாலும் மேடுபள்ளங்களுக்குள்ளேயும் வளைத்து வளைத்து மறைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு கூட்டம் நிற்பதாகவே படும். உள்ளே போனவருக்கோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஓடும் ரயிலோ சுரங்கத்தின் உட்புறமோ கண்ணில் படும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. அலங்காரத்தின் சக்தி எது, அதற்கு எட்டாதது எது என்பது அதனால் தெளிவாகும். வரிசையைப் பற்றிய சாஸ்திரத்தில் 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்துக் காட்டிய விதி ஒன்று உண்டு. ஒரு சவாரி மணிக்கு 2,000 பேரை ஏற்றி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னே 1,500 பேர் நிற்கிறார்கள் என்றால் நீங்கள் நிற்கவேண்டியது முக்கால் மணி நேரம். அந்த 1,500 பேரும் தங்கக் கோட்டையில் நின்றாலும் தகரக் கொட்டகையில் நின்றாலும் முக்கால் மணி முக்கால் மணிதான். சுவரில் எத்தனை சித்திரம் எழுதினாலும் அதில் ஒரு விநாடிகூடக் குறையாது. குறையவேண்டுமானால் யந்திரம் வேகமாக ஆட்களை ஏற்றவேண்டும், அல்லது ஜனங்கள் வராதிருக்கவேண்டும்.

அப்படியானால் குறைவது எது? 1985இல் டேவிட் மெய்ஸ்டர் என்பவர் காத்திருப்போரின் மனநிலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் எட்டு உண்மைகளை எடுத்துரைத்தார். சும்மா இருக்கும் நேரம், ஏதேனும் ஈடுபாட்டோடு இருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்பது ஒன்று. காரியம் தொடங்குவதற்கு முன்னே காத்திருப்பது, தொடங்கிய பின் காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் அன்றாடம் அநுபவிக்கிறோம். கல்யாண வீட்டில் இலை போடுமுன் நிற்கிற பத்து நிமிஷம் தாங்கமுடியாததாக இருக்கிறது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பையும் ஊறுகாயையும் வைத்துவிட்டார்களானால், சாதம் வரப் பதினைந்து நிமிஷமானாலும் பசி பொறுத்துக்கொள்கிறது. விருந்து தொடங்கிவிட்டது என்று வயிற்றுக்குச் செய்தி போய்விட்டது. அலங்கரித்த வரிசையும் முன்காட்சியும் சவாரிக்காரருக்குப் போடுகிற இலை இதுதான். ‘நீ இனிக் காத்திருப்பவன் அல்ல, வந்துவிட்டாய்’ என்று அவை சொல்லுகின்றன.

ஆனால் இலையைப் போட்டுவிட்டுச் சாதத்தைக் கொண்டுவராமலே இருந்துவிட முடியாது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஃப்ளோரிடாவில் ஹாக்ரிட் என்ற கதாபாத்திரத்தின் பெயரால் மோட்டார் சைக்கிள் சவாரி ஒன்று திறக்கப்பட்ட முதல்நாளில் வரிசை பத்து மணி நேரம் நீண்டது. எந்தச் சிற்பியின் கைவண்ணமும் பத்து மணி நேரத்தைச் சிறிதாக்கிக் காட்டாது. ஆகையால் அலங்காரம் காலத்தை ஜயிக்கிறது என்று யாரும் பெருமை பேசவேண்டியதில்லை. நான் அதை ஆதரிப்பது அந்தக் காரணத்துக்காக அன்று.

நம் சங்கீதத்திலிருந்து ஒரு திருஷ்டாந்தம் சொன்னால் என் கருத்து விளங்கும். கச்சேரிக்கு முன்னே வரவேற்புரை நிகழ்கிறது. வித்துவான் மேடையேறியபின் ராக ஆலாபனை நிகழ்கிறது. இரண்டும் கிருதிக்கு முன்னேதான் வருகின்றன. ஆனால் வரவேற்புரையை எடுத்துவிட்டால் கச்சேரிக்கு ஒரு குறையும் வராது. ஆலாபனையை எடுத்துவிட்டால் கிருதியே வேறாகிவிடும். தோடியை அரைமணி நேரம் கேட்டுத் தோய்ந்த காதில் விழுகிற பல்லவியும், வெறுங்காதில் விழுகிற பல்லவியும் ஒன்றல்ல. ஒரு முன்காட்சியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: இது ஆலாபனையா, வரவேற்புரையா? சவாரி தானே செய்துகொள்ளமுடியாத ஒரு வேலையை இது ஏறுகிறவரின் மனத்திலோ உடம்பிலோ செய்துவைக்கிறதா, அல்லது நேரத்தை நிரப்புகிறதா?

ஆலாபனை என்று நான் கருதுவதில் தலைசிறந்தது அனஹைம் நகரத்தில் இருக்கிறது. 1955 ஜூலை 17ஆம் நாள் வால்ட் டிஸ்னி அங்கே திறந்துவைத்த டிஸ்னிலாந்தைச் சுற்றி ஓர் உயரமான மண்கரை எழுப்பப்பட்டு, அதன்மேல் ஒரு சிறு ரயில் ஓடுகிறது. வெளியுலகம் உள்ளே இருப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அமைத்த கரை அது. பல வருஷங்கள் கழித்து, ஆவிகள் குடியிருக்கும் மாளிகை ஒன்றை உள்ளே கட்ட நினைத்தபோது அந்தக் கரையே இடையூறாயிற்று. மாளிகையின் முகப்பை உள்ளே கட்ட இடமிருந்தது. சவாரி நடக்கவேண்டிய பெரிய கட்டடத்துக்கு உள்ளே இடமில்லை, கரைக்கு அப்பால்தான் இருந்தது. ஆகவே ஜனங்களை ரயில் பாதைக்குக் கீழே இறக்கி, சுரங்கவழியாக அப்பால் கொண்டுபோகவேண்டும். சாதாரண மனிதர் யாராயிருந்தாலும் ஒரு படிக்கட்டைக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்றிருப்பார்.

மாளிகையைக் கட்டியவர்கள் செய்தது என்ன தெரியுமா? எட்டுப் பக்கச் சுவர் கொண்ட ஓர் அறையைக் கட்டினார்கள். கூட்டம் உள்ளே வந்ததும் கதவு சுவரோடு சுவராக மறைந்துவிடுகிறது. முகம் தெரியாத ஒரு குரல், அந்த வீட்டின் ஆவியின் குரல், இந்த அறைக்கு ஜன்னலும் இல்லை கதவும் இல்லை என்று நயமாக எடுத்துச் சொல்லுகிறது. சுவரில் சில மனிதர்களின் சித்திரங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இளம் பெண் ஒருத்தி கையில் சிறு குடை பிடித்து அழகாக நிற்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் நீள்கிறது, சித்திரமும் நீள்கிறது, அவள் இடுப்பு தெரிகிறது, கால் தெரிகிறது, கால் நிற்பது ஒரு கயிற்றின்மீது என்பது தெரிகிறது, அந்தக் கயிறு இழை இழையாக அறுந்துகொண்டிருப்பது தெரிகிறது, கடைசியில் கீழே வாயைப் பிளந்துகொண்டிருக்கும் முதலையும் தெரிகிறது. அவள் முகத்தில் மட்டும் அந்தப் புன்னகை மாறவில்லை. பிறகு விளக்கு அணைகிறது. தலைக்கு மேலே, கூரைக்கும் அப்பால், ஒரு கணம் மின்னலில் ஒரு காட்சி. அதை நான் சொல்லமாட்டேன், போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மையில் நடந்தது, கூரை இருந்த இடத்திலேயே இருக்க, தரை கீழே இறங்கியதுதான். அறை என்று நாம் எண்ணியது ஒரு லிப்ட். உள்ளே நிற்பவர்க்கோ தாம் இறங்குவதாகத் தோன்றுவதில்லை. அறை வளர்வதாகவே தோன்றுகிறது. சுரங்கவழிக்கு ஜனங்களைக் கொண்டுசேர்க்கவேண்டும் என்ற கட்டடத் தேவை ஒன்று. இந்த வீட்டில் கண்ணால் காண்பதை நம்பாதே என்று மனத்துக்குப் பாடம் சொல்லவேண்டும் என்ற கதைத் தேவை மற்றொன்று. இரண்டையும் ஒரே அசைவில் முடித்துவிட்டார்கள். 1963இலேயே முகப்பு கட்டப்பட்டு, 1966இல் டிஸ்னி காலமாகி, 1969 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் மாளிகை திறந்தது. அத்தனை வருஷத் தாமதத்துக்கும் இந்த ஓர் அறையே ஈடு சொல்லும் என்பேன். 1971இல் ஃப்ளோரிடாவில் இரண்டாவது மாளிகை கட்டியபோது அங்கே கீழே இறங்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் அறையை விட மனமில்லாமல், தரையை நிறுத்திக் கூரையை உயர்த்தினார்கள். தேவை போய்விட்ட பிறகும் கலை நிலைத்துவிட்டது.

இதில் யந்திர சாஸ்திரம் தெரிந்தவர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. அறைக்குள் ஜனங்கள் தொகுதி தொகுதியாக அடைபடுகிறார்கள். ஆனால் அப்பால் காத்திருக்கிற கறுப்பு வண்டிகளோ அறுபடாத சங்கிலியாக நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவை. தொகுதியாக வருகிற கூட்டத்தையும் ஓயாமல் ஓடுகிற வண்டியையும் இணைப்பது எளிதன்று. ஒரு கணம் வண்டிகள் காலியாகப் போகும், மறு கணம் கூட்டம் முட்டும். அதற்காகவே அப்படிப்பட்ட அறை இரண்டு கட்டி, ஒன்று இறங்கும்போது மற்றொன்று நிரம்பும்படி செய்தார்கள். இடையிலுள்ள நீண்ட தாழ்வாரம் அணைக்கட்டுபோல் கூட்டத்தைத் தேக்கிச் சீராக விடுகிறது. நாடகக் கொட்டகைபோல் ஒரு கூட்டத்தை மொத்தமாக ஏற்றிக் காட்டி இறக்குகிற சவாரிகளில் இந்தச் சங்கடம் இல்லை. முந்திய கூட்டம் உள்ளே இருக்கும்போது அடுத்த கூட்டம் எங்கேனும் நின்றுதான் ஆகவேண்டும், அந்த நேரத்தில் கதை சொல்லுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. முன்காட்சி வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கற்பனையில் இல்லை, வண்டியில் இருக்கிறது.

அதே டிஸ்னிலாந்தில், அதே மண்கரையின் தொல்லையால் பிறந்த இன்னொரு வரிசையைச் சொல்லவேண்டும். 1995இல் திறக்கப்பட்ட இந்தியானா ஜோன்ஸ் சவாரியின் கட்டடமும் கரைக்கு அப்பால், முன்னே வாகனங்கள் நின்ற வெளியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர ஜனங்கள் ஏறக்குறைய அரை மைல் நடக்கவேண்டும். அந்த நடையை ஒரு காட்டுக் கோயிலின் அகழாய்வாக ஆக்கினார்கள்: 1935ஆம் வருஷம், இருண்ட நடைபாதைகள், மங்கி எரிகிற விளக்குகள், சுவரெங்கும் அந்தக் கோயிலுக்கென்றே அமைத்த சித்திர எழுத்துகள். அந்த எழுத்துகளைப் படிக்க உதவும் அட்டைகள்கூடத் தொடக்கக் காலத்தில் ஜனங்களுக்கு வழங்கப்பட்டன. ஓர் அறையில் முட்கள் நிறைந்த மேற்கூரையை மூங்கில் கம்பு ஒன்று தாங்கி நிற்பதாக அமைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பை அசைத்தால் கல் உராய்கிற ஓசையோடு கூரை கீழே சரிவதுபோலத் தோன்றும்.

என் மகன் வீட்டுக்குச் சென்றிருந்த சமயம், என் பேத்தியோடு நான் அந்த வரிசையில் நின்றேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. பாதி தூரம் வரையில் கால் வலிக்கிறது என்று என் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். அந்த அறையில் எங்களுக்கு முன்னே சென்ற பையன் ஒருவன் மூங்கிலைப் பிடித்து உலுக்க, மேலே இடி இடித்தாற்போல் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். அதன்பின் அவளுக்குக் கால் வலியும் இல்லை, தாத்தாவின் கையும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்தாள். மூங்கில் கம்பு எல்லோர் கையும் பட்டு, பிடிக்கும் இடத்தில் மட்டும் மெருகேறி வழவழப்பாக இருந்ததை நானும் தொட்டு உணர்ந்தேன். வண்டி ஏறுகிற இடத்துக்கு வந்தபோது அவள் சவாரிக்கு வந்த குழந்தையாக இல்லை. கோயிலுக்குள் தானே வழி கண்டு புகுந்தவளாக இருந்தாள்.

இந்த இடத்தில்தான் வரிசைக்கும் முன்காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வற்புறுத்த விரும்புகிறேன். வரிசையில் நடக்கிறவருக்குச் சுதந்தரம் உண்டு. பார்க்க விரும்புகிறவர் பார்க்கலாம்; பேச விரும்புகிறவர் பேசலாம்; பத்தாவது தடவை வருகிறவர் முன்பு கவனிக்காத மூலையைக் கவனிக்கலாம். கதவைச் சாத்திக் காட்டுகிற முன்காட்சியோ நம் நேரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வதற்கு ஈடாக அது நமக்கு ஏதேனும் செய்தாகவேண்டும். பெரும்பாலான முன்காட்சிகள் செய்வதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லுகிறேன். ஒரு பூங்காவில், அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை, அசையாத ஒரு திரையில் யாரோ ஒருவர் யாரோ ஒரு துஷ்டனைப் பற்றி விரிவாக எடுத்துரைக்க, அதைக் கேட்டு முடித்த பிறகும் கதவு திறக்காமல் சிக்கிக்கொள்ள, அதே படத்தை மறுபடியும் தலையிலிருந்து போட்டார்கள். காற்றோட்டமில்லாத அறையில் தோளில் தூங்கிவிட்ட குழந்தையோடு நின்ற ஒரு தாய், அருகில் சாய்ந்துகொள்ளச் சுவர் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தது என் நினைவை விட்டு அகலவில்லை. பிறகு ஏறிய சவாரியில் அந்தத் துஷ்டன் வரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். வந்திருந்தாலும் அந்த வேகத்தில் அவனை யார் கண்டார்கள்?

கதை சொல்லுவதே முன்காட்சியின் வேலை என்று எண்ணியதால் நேர்ந்த பிழை இது. கதையைவிட முக்கியம் பாவம். இதற்கு ஓர் அருமையான சோதனை தற்செயலாகவே நடந்திருக்கிறது. 1994இல் ஃப்ளோரிடாவில், கீழே விழும் லிப்டை வைத்து ஒரு பயங்கரக் கோபுரத்தைக் கட்டினார்கள். உயரம் 199 அடி, 200 அடியானால் விமானங்களுக்கு எச்சரிக்கை விளக்கு வைத்தாகவேண்டும் என்பதற்காக ஓர் அடி குறைத்தது. அதன் வரிசை, 1939ஆம் ஆண்டில் ஓர் இரவில் திடீரென்று கைவிடப்பட்ட ஹோட்டலின் வரவேற்புக்கூடம். ஒட்டடை படிந்த மேஜைகள், பாதியில் விட்ட ஆட்டம், எடுத்துச் செல்ல ஆளில்லாத பெட்டிகள். அடுத்த அறை ஒரு சிறு நூலகம். ஜன்னலில் மின்னல் வெட்ட, பழைய டெலிவிஷன் பெட்டியில், ட்வைலைட் ஸோன் தொடரை நடத்திய, அப்போது காலமாகிப் பல வருஷங்களாகிவிட்ட ராட் சர்லிங்கின் உருவம் தோன்றும். அதற்கு வேறொருவர் அவரைப் போலவே குரல் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் கடந்து லிப்டுக்குள் கால் வைக்கும்போது, விழப்போகிறோம் என்ற அறிவல்ல, இந்த இடத்துக்கு வந்திருக்கக்கூடாது என்ற கலக்கமே நெஞ்சில் நிற்கும்.

இதுபோன்ற கோபுரம் ஒன்றை 2004இல் கலிபோர்னியாவிலும் கட்டினார்கள். 2017இல் அந்தக் கோபுரத்தின் வேஷத்தைக் கலைத்து, அண்டவெளி வீரர் கூட்டம் ஒன்றின் கதைக்கு ஏற்ப மாற்றினார்கள். கட்டடம் அதுவே, லிப்ட் யந்திரம் அதுவே. ஒட்டடை படிந்த ஹோட்டல் போய், விசித்திரப் பொருள்களைச் சேகரிக்கும் ஒருவனுடைய காட்சிசாலை வந்தது. இறந்தவர் உருவம் தோன்றிய இடத்தில், சிறைப்பட்ட நண்பர்களை விடுவிக்கத் துடிக்கும் ஒரு சிறு விலங்கின் பொம்மை குதித்து வந்து நம்மிடம் உதவி கேட்கிறது. விளைவு? முன்னே வீறிட்ட அதே விழுதலில் இப்போது ஜனங்கள் கைதூக்கிச் சிரிக்கிறார்கள். லிப்ட் விழுகிற முறையை மாற்றினார்கள் என்பதும், பாட்டுகளைச் சேர்த்தார்கள் என்பதும் உண்மைதான். அவற்றின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆயினும், பூமி ஈர்ப்பு ஒன்றுதானே? ஒரே விழுதல் ஒருவருக்கு மரணபயமாகவும் மற்றொருவருக்குத் துள்ளலாகவும் ஆவது, லிப்டுக்குள் ஏறுமுன் அவர் நின்ற அறையில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. முன்காட்சி சவாரியை மேம்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கதையும் வேண்டாம் பாவமும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஃப்ளோரிடாவில் பறக்கும் யானைக்குட்டி டம்போவின் ராட்டினத்தை 2012இல் இரட்டிப்பாக்கியபோது, வரிசைக்குப் பதிலாகக் கூடாரத்துக்குள் ஒரு விளையாட்டிடம் அமைத்தார்கள். பெற்றோர் கையில் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, முறை வரும்போது அது அழைக்கும்படி செய்தார்கள். அழைப்பு வந்தபோது வரமாட்டேன் என்று அழும் குழந்தைகளும் இருந்திருக்கும். இருக்கட்டுமே.

வரிசையே தனித்து ரசிக்கத்தக்கதாகிவிடுவதும் உண்டு. 2010இல் ஃப்ளோரிடாவில் ஹாரி பாட்டர் கதைகளின் ஹாக்வர்ட்ஸ் கோட்டைக்குள் ஒரு சவாரி திறந்தபோது, ஏற விரும்பாதவர்கள் கோட்டையை மட்டும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு தனி வழி விட்டார்கள். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சித்திரங்களையும், தலைமையாசிரியரின் அறையையும் பார்ப்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. தலைசுற்றல் உள்ளவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், யந்திரத்தில் ஏற இயலாதவர்களுக்கும் அந்த வழி எத்தனை பெரிய உபகாரம்! பூங்காக்காரர்கள் இதை எல்லா இடத்திலும் செய்யவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் இத்தனை அரிய வேலைப்பாட்டுக்கும் பகையாக ஒன்று வளர்ந்துவிட்டது. 1999இல் டிஸ்னி பூங்காக்களில், குறித்த நேரத்தில் வந்தால் வரிசையில் நிற்காமல் விரைந்து நுழையலாம் என்ற ஃபாஸ்ட்பாஸ் சீட்டு இலவசமாக வந்தது. 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அது தனிக் கட்டணம் உள்ளதாயிற்று. விரைந்து போகிறவர் வேறொரு வழியாகச் செல்கிறார். சிற்பங்களும் எழுத்துகளும் நிறைந்த நீண்ட பாதையின் பெரும்பகுதியை அவர் பார்ப்பதே இல்லை. அதிகப் பணம் கொடுத்தவருக்கு ஆலாபனை இல்லாத பல்லவி கிடைக்கிறது. பணம் கொடுக்காதவரோ, தம் பக்கத்தில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, சித்திரத்தை ரசிக்கும் மனநிலையை இழந்துவிடுகிறார். நியாயமற்றதாகத் தோன்றும் காத்திருப்பு நீளமாகத் தோன்றும் என்பதும் மெய்ஸ்டர் சொன்ன எட்டில் ஒன்று. இருதரப்பாருக்கும் நஷ்டமான இந்த ஏற்பாட்டை நான் மனமார வெறுக்கிறேன்.

இதற்கு ஒரு மாற்று கண்டவர்களும் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஃப்ளோரிடாவிலும் அடுத்த மாதமே கலிபோர்னியாவிலும் திறந்த ஸ்டார் வார்ஸ் சவாரி ஒன்றில், ஜனங்கள் ஒரு சிறு விண்கலத்தில் நின்றபடி புறப்படுகிறார்கள். நடுவழியில் பகைவர் சிறைப்பிடிக்கிறார்கள். கதவு திறந்தால் எதிரே பெரிய மண்டபம், அதில் ஐம்பது படைவீரர்களின் உருவங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அந்த மண்டபத்தில் நிற்பவரைச் சவாரி தொடங்கிவிட்டதா என்று கேட்டால் அவரால் சொல்லமுடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மண்டபத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை; அதைக் கடந்துதான் எல்லோரும் வண்டி ஏறவேண்டும். பாயிரமே நூலோடு கலந்துவிட்டது.

ஆயினும், அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அந்தப் பழைய மாளிகையின் எட்டுப் பக்க அறையைவிட இதை உயர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே சவாரி முடிந்து வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு சாய்ந்த நகரும் பாதை நம்மை மேலே ஏற்றிக்கொண்டு போகிறது. இறங்கியவர்கள் ஏறித்தானே ஆகவேண்டும். அந்தப் பாதையின் முடிவில், மணப்பெண் கோலத்தில் ஒரு சிறு ஆவியின் உருவம் நம்மை மறுபடியும் வரச்சொல்லி மெல்லிய குரலில் அழைக்கிறது. என் பேத்தி அதைக் கவனிக்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நாங்கள் மேலே மேலே போய்க்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வெயிலுக்கு வந்து, ரயில் கரையைத் திரும்பிப் பார்த்து, சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“தாத்தா, நாம எப்போ கீழே போனோம்?”